பழைய டீசல் எஞ்சினைக் கழற்றுமுன்

வன்னிக் கிராமமொன்றிலே, இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பிய ஐந்து குடும்பங்கள் சேர்ந்து பழைய பிக்கப் வாகனமொன்றை வாங்கியிருந்தன. கத்தரிக்காயும் பயற்றங்காயும் சந்தைக்குப் போவது அதிலேதான். சில காலத்தில் எஞ்சின் நீலப் புகை கக்கத் தொடங்கியது. நாமும் ஆழமாக யோசியாமல், புதிய றிங் போடுவதற்குப் பணம் ஒழுங்குசெய்து கொடுத்தோம். ஆறு மாதத்தில் மீண்டும் அதே புகை! இரண்டாம் முறை கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் றப்பர்க் குழாய் அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. வீதித் தூசி அதனூடாக உள்ளே போய்ப் புதிய றிங்குகளையும் அரைத்துவிட்டது. ஒரு குழாயைப் பார்க்கத் தவறியதால் ஒரு போகத்தின் வருமானம் போயிற்று.

அன்று நாம் கற்ற பாடம் இதுவே: எஞ்சின் ஏன் தேய்ந்தது என்று அறியாமல் அதைத் திரும்பக் கட்டக் கூடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், அவற்றின் விலை சாதாரண கமக்காரருக்கு எட்டுவதாக இல்லை. எனவே உள்ள வாகனத்தைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது அவசியம்.

டீசல் எஞ்சினின் உயிர்

எங்கள் பகுதிகளில் பலருக்கும் பழக்கமான ரொயோட்டா ஹைலக்ஸின் 2எல் வகை எஞ்சினை உதாரணமாக எடுப்போம். அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் பிஸ்ரனின் ஓட்டமும் 92 மில்லிமீற்றர். மொத்தக் கொள்ளளவு 2,446 கன சென்றிமீற்றர். உள்ளே வரும் காற்றை ஏறத்தாழ 22இல் ஒரு பங்காக அமுக்கும்போது, டீசலைப் பற்றவைக்கும் அளவுக்கு அது சூடாகிறது. பெற்றோல் எஞ்சினைப்போல் இதற்குத் தீப்பொறி இல்லை. ஆகவே அமுக்கம் கசிந்தால் எஞ்சினின் வலுவும் போய்விடும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை: காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். முதலில் காற்று வடிகட்டியையும், பின்னர் இன்ஜெக்டர்களையும் பாருங்கள்.

நீலப் புகை: ஒயில் எரிகிறது. றிங், சிலிண்டர் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை: காலையில் மட்டும் வந்தால் ஹீற்றர் பிளக் பழுதாகியிருக்கலாம், அமுக்கமும் குறைந்திருக்கலாம். சூடான பின்பும் வந்து, றேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கஸ்கெற் போயிருக்கலாம் அல்லது ஹெட் வெடித்திருக்கலாம்.

அளந்து பாருங்கள்

புகையை மாத்திரம் நம்பி எஞ்சினைக் கழற்ற வேண்டாம். டீசலுக்கு உரிய அமுக்கமானி உள்ள கராஜுக்குக் கொண்டுசெல்லுங்கள். பெற்றோல் வாகனத்தின் மானி இந்த அமுக்கத்தைத் தாங்காது. எஞ்சினைச் சூடாக்கி, ஹீற்றர் பிளக்குகள் நான்கையும் கழற்றி, டீசலை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். 2எல் எஞ்சினில் சதுர சென்றிமீற்றருக்கு 32 கிலோகிராம் நல்ல அளவு. 20க்குக் கீழ்ப் போகக் கூடாது. சிலிண்டர்களுக்கிடையே 5 கிலோகிராமுக்கு மேல் வித்தியாசமும் இருக்கக் கூடாது.

நான்கிலும் அளவு நன்றாக இருந்தால், பழுது வேறிடத்தில் இருக்கிறது. கழற்றும் செலவு மிச்சம். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளங்கள். அளவு ஏறினால் றிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். ஏறாவிட்டால் வால்வையோ கஸ்கெற்றையோ சந்தேகிக்க வேண்டும். ஒயிலைக் கூடுதலாக விட்டுவிடாதீர்கள். அது அமுங்காது, எஞ்சினை உடைத்துவிடும்.

கழற்றும்போது

ஒவ்வொரு பிஸ்ரனுக்கும், கொனெக்டிங் றொட்டுக்கும், பெயாரிங் மூடிக்கும் சிலிண்டர் இலக்கம் இடுங்கள். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் போகக் கூடாது. நட்டுகளைத் தனித்தனிப் பால்மா ரின்களில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு பாகமும் ஒரு சாட்சி. உள்வரும் காற்றுக்குழாயினுள் மண் இருந்தால் வடிகட்டியில் குறை. பெயாரிங்கில் கோடு விழுந்திருந்தால் ஒயில் அழுக்கு. ஹெட் வளைந்திருந்தால் எஞ்சின் எப்போதோ கொதித்திருக்கிறது. நேரான சட்டமொன்றை ஹெட்டின்மேல் வைத்து, இடைவெளி அளக்கும் தகட்டினால் பாருங்கள், வளைவு 0.20 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. வால்வுகளுக்கிடையே மயிரளவு வெடிப்பு உண்டா என்று வேலைத்தளத்தில் சோதிப்பியுங்கள். சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதிய றிங் மாத்திரம் பயன் தராது. துளைத்துப் பெரிய பிஸ்ரன் போட வேண்டும், அல்லது சிலீவ் இட வேண்டும்.

டீசல் பம்பியை வீட்டில் திறக்க வேண்டாம். டீசல் பீச்சும் நொசிலுக்கு முன் கையை வைக்கவே கூடாது. அதன் வேகம் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கட்டும்போது

துளைத்த சிலிண்டரைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உடனே ஒயில் பூசுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்குப் படியக் கூடாது. றிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி வையுங்கள். ஹெட் போல்ற்றுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல தடவையாக, அளவுகாட்டும் சாவியால் இறுக்குங்கள். ரைமிங் பெல்ற்றைப் புதிதாகவே போடுங்கள். பின்னர் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

முதலில் டீசலை நிறுத்தி வைத்து, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதன் பின்பே டீசலைத் திறந்து எஞ்சினை இயக்குங்கள். முதல் 1,000 கிலோமீற்றருக்குப் பாரம் குறைவாக ஏற்றி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அதன் முடிவில் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

நாளாந்தப் பராமரிப்பு

காலையில் ஒயிலையும் தண்ணீரையும் பாருங்கள். காற்றுக்குழாயை விரலால் தடவி வெடிப்பு உண்டா எனப் பாருங்கள். டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரை இறக்குங்கள். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரையும் அடைக்கும். சுத்தமான மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்குத் தேவையில்லையென்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. அது தவறு, எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் சிலிண்டர் விரைவில் தேயும்.

1990இன் பின்னான பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். 2எல் போன்ற எஞ்சின்களின் டீசல் பம்பிக்கு அதனூடாகச் செல்லும் டீசலே மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பி தேய்ந்து, மிச்சம்பிடித்த காசைவிடப் பலமடங்கு செலவு வரும்.

மேற்சொன்ன ஐந்து குடும்பங்களும் இப்போது வாகனத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் எவரானாலும் புறப்படுமுன் பார்த்தவற்றை எழுதிக் கையொப்பமிடுவார். பொது வாகனத்தை எல்லோரும் ஓட்டினால், அதைக் கவனிப்பவர் எவருமில்லை என்ற நிலை வந்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து இந்தக் கொப்பி.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்து வாகனமோ நீர்ப்பம்பியோ கடைசியாகப் பழுதானதன் காரணத்தை யாரேனும் தேடினீர்களா?
2. காலைச் சோதனைக்குப் பொறுப்பு யார்?
3. அடுத்த பழுதுக்காக ஒவ்வொரு சந்தை ஓட்டத்திலும் எவ்வளவு ஒதுக்கலாம்?