அம்மாவின் பல்செட் மட்டும் ஏன் ஆடுகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 68. இருவருக்கும் முழு பல்செட். அப்பா முறுக்கே கடிக்கிறார். அம்மாவுக்குக் கீழ்செட் நிற்பதே இல்லை. பெண் என்பதாலா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் கரையும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் சுமார் 4 மடங்கு அதிகம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் கூடும். வயதைவிட, பல் எடுத்து எத்தனை வருடம் ஆனது என்பதே முக்கியம். மாத்திரைகளால் வாய் உலர்ந்தாலும் பிடிப்பு தளரும்.

செட்டின் உட்புறத்தை ஈறுக்கேற்ப நிரப்பித் தரச் சொல்லுங்கள். அப்படியும் ஆடினால், கீழே 2 இம்ப்ளான்ட் வைத்து அதில் செட்டை மாட்டலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பது இருவருக்குமே கட்டாயம்.