தொற்றுக் காலத்தில் பொது இடமும் நலிந்தோரும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ள முயல்வது இயல்பே. ஆனால் ரேஷன் கடை, தபால் நிலையம், பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகிய இடங்களில் நாம் அனைவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். அந்தக் காற்றைத் தமக்கு மட்டும் தூய்மையாக்கிக்கொள்ள எவராலும் இயலாது. ஆகவே இவ்விடங்களில் நலிந்தோரின் பாதுகாப்பு, அவர்களுடைய முயற்சியைக் காட்டிலும், அவர்கள் அருகே நிற்போரையும் அவ்விடத்தை நடத்துவோரையுமே பெரிதும் சார்ந்துள்ளது. இதன் விஞ்ஞானக் காரணங்களையும், களப்பணியாளரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க முறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

1. நலிந்தோர் யாவர்?

2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட்-19 நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று கூறிற்று. அது எல்லோரையும் தொற்றக்கூடியதாயினும், எல்லோரையும் ஒரே அளவில் வருத்தவில்லை. வயது ஏற ஏற அபாயமும் ஏறிற்று. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றை உடையோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், மாற்று உறுப்பு பொருத்தப்பெற்றோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு நோய் முற்றும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. பின்னர் வந்த தடுப்பூசி இவர்களுள் பலருக்கு நல்ல அரணாயிற்று. எனினும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உண்போரின் உடலில் அதன் பயன் குறைவே.

இத்தகையோர் ஒரு சிலரே என்று கருதுவது தவறு. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் மட்டுமே சுமார் 10.4 கோடிப் பேர்.

2. கூட்டத்தில் புலப்படாத இருவர்

ஒரு வரிசையில் முப்பது பேர் நிற்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஒருவர் நோயைப் பரப்பும் நிலையில் இருக்கலாம். ஆனால் அது அவருக்கே தெரியாது. ஏனெனில் கோவிட்-19 தொற்றியவர், அறிகுறிகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே பிறருக்கு அதைக் கொடுக்க வல்லவர். சிலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை.

அதே வரிசையில் நலிந்தவர் ஒருவரும் இருக்கலாம். அவரும் நம் கண்ணுக்குப் புலப்படமாட்டார். முதுமையை முகத்தில் காணலாம். சிறுநீரக நோயையோ, மாற்று உறுப்பையோ, கருவின் முதல் மாதங்களையோ எவ்வாறு காண்பது? "உமக்கு என்ன நோய்?" என்று பலர் முன்னிலையில் வினவுவதும் முறையன்று. வினவினாலும் பலர் உண்மை கூறத் தயங்குவர்.

நோயைத் தருபவரும் தெரியவில்லை, பெறக்கூடியவரும் தெரியவில்லை. இந்நிலையில் செய்யத்தக்கது ஒன்றே. ஒவ்வொரு பொது இடத்திலும் நலிந்தவர் ஒருவர் எப்பொழுதும் இருக்கிறார் என்றே கொண்டு அவ்விடத்தை ஒழுங்குபடுத்த வேண்டும். முகக்கவசத்தின் பொருளும் இதுவே. அது அணிபவரை ஓரளவு காப்பதோடு, அவர் வாயினின்றும் மூக்கினின்றும் வெளிப்படும் துளிகளை வெளிப்படும் இடத்திலேயே தடுத்து, அருகிலிருப்பவரையும் காக்கிறது.

3. காற்றின் பங்கு

இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் பல அளவுள்ள துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டர் தொலைவுக்குள் தரையில் வீழ்ந்துவிடும். நுண்துளிகளோ, மூடிய அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். ஆகவே இடைவெளி மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

இதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். 2020 மார்ச் 10 அன்று, பெரும்பாலும் முதியோரைக் கொண்ட ஓர் இசைக்குழுவினர் 61 பேர் ஒரு கூடத்தினுள் சுமார் இரண்டரை மணி நேரம் பாடிப் பயின்றனர். அவர்களுள் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. இருவர் இறந்தனர். "சிறிது சளிதானே" என்று ஒருவர் எண்ணி வருவது மற்றொருவருக்கு எவ்வளவு பெரிய கேடாக முடியக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.

4. வரிசையை ஒழுங்கு செய்தல்

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் மூன்று மாதங்களுக்கு, ஜன தன் கணக்குடைய பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. இவர்கள் ஏறத்தாழ 20 கோடிப் பேர். அனைவரும் ஒரே நாளில் வங்கிக்கு வந்தால் நெரிசல் தவிர்க்க முடியாததாகும். ஆதலின் கணக்கு எண்ணின் இறுதி இலக்கத்தைக் கொண்டு நாட்கள் பிரிக்கப்பட்டன. 0, 1 என முடிவோர் ஏப்ரல் 3 அன்றும், 2, 3 என முடிவோர் 4 அன்றும், 4, 5 என முடிவோர் 7 அன்றும், 6, 7 என முடிவோர் 8 அன்றும், 8, 9 என முடிவோர் 9 அன்றும் வருமாறு அறிவிக்கப்பட்டது.

இம்முறையின் சிறப்பைக் களப்பணியாளர் கவனிக்க வேண்டும். இது எவரையும் வயதோ நோயோ கேட்கவில்லை. எனினும் நாளொன்றுக்கு உரியோரின் தொகையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. தம் நோயை வெளியிட விரும்பாத பெண்ணுக்கும் அதன் பயன் கிட்டிற்று. சிறு ஊரின் ரேஷன் கடையிலும் அட்டை எண்ணைக் கொண்டு இவ்வாறே செய்யலாம். வரிசையைத் திறந்த வெளியில் நிறுத்தல், நிழலும் குடிநீரும் அமைத்தல், நெடுநேரம் நிற்க இயலாதோர்க்கு இருக்கை இடுதல் ஆகியவை பெருஞ்செலவின்றியே கைகூடும்.

5. விலக்குதல் பாதுகாப்பு ஆகாது

"நலிந்தோர் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று கூறுவது எளிது. ஆனால் மருந்து, ஓய்வூதியம், அரிசி ஆகியவற்றுக்காக வெளியே வரும் அவசியம் அவர்களுக்கே மிகுதி. 2019-இல் நாட்டில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவாயினர்; 2020-இல் சுமார் 18 லட்சம் பேரே பதிவாயினர். நோய் திடீரெனக் குறைந்ததால் நேர்ந்ததன்று இது; பலர் சிகிச்சை நிலையத்தை அடையவில்லை என்பதே இதன் கருத்து. நலிந்தவர் அச்சமின்றி வந்து செல்லக்கூடியதாக இடத்தை மாற்றுவதே நம் கடமை.

மாற்றுத்திறனாளிகளின் தேவைகள் வேறானவை. பார்வையற்றவர் தொட்டறிந்தே நடப்பவர். தரையில் வரைந்த வட்டம் அவருக்குப் பயன்படாது; நிற்க வேண்டிய இடத்தை வாய்மொழியால் கூற வேண்டும். செவிப்புலன் குன்றியவர் உதட்டசைவைக் கண்டு பொருள் கொள்பவர். முகக்கவசம் அதை மறைத்துவிடுவதால், அவருக்குச் செய்தியை எழுதிக் காட்டுதல் நன்று.

6. வகுப்பறைச் சோதனை

ஓர் அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி எடுத்து, ஒளிபுகும் தாளால் மூடுக. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு துளை இடுக. ஊதுவத்திப் புகையை உள்ளே செலுத்தி இரு துளைகளையும் அடைத்தால் புகை தங்கி நிற்கும். ஒன்றைத் திறந்தால் சிறிதே வெளியேறும். இரண்டையும் திறந்து, ஒரு துளையருகே மெல்ல விசிறினால் விரைவில் அகலும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதன் பயனை மாணவர் இதனால் நேரில் காண்பர்.

இச்சோதனையைத் திறந்த வெளியில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக மாணவரை நிறுத்திச் செய்க. ஆஸ்துமா உள்ள குழந்தை ஒன்று வகுப்பில் இருக்கலாம். அது யார் என்று கேட்க வேண்டுவதில்லை.

7. பயிற்சி வினாக்கள்

(அ) நோயின் அறிகுறி இல்லாதவரும் முகக்கவசம் அணிவதன் காரணம் யாது?
(ஆ) உங்கள் பள்ளியில் காற்றோட்டம் மிகக் குறைந்த அறை எது? அதைச் சீராக்குவது எவ்வாறு?
(இ) உங்கள் ஊர் ரேஷன் கடையில் எவருடைய நோயையும் கேளாமல் கூட்டத்தைக் குறைக்க ஒரு முறை கூறுக.

கோவிட்-19 குறித்த உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வைரஸ் மறையவில்லை. இன்புளூயன்சாவும் ஆண்டுதோறும் வருகிறது. சளி கண்டபோது முகக்கவசம் அணிதலும், ஜன்னலைத் திறத்தலும், வரிசையில் இடம் விட்டு நிற்றலும் ஊரின் பழக்கமாகிவிட்டால், அடுத்த கொள்ளைநோயின்போது நலிந்தவர் எவரும் தம் நலிவைப் பிறரிடம் விளக்கிக் கூற வேண்டிய நிலை நேராது.