வண்டி ஏன் நின்றது?



குழுக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்ட எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடர், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். பிளக் மாத்தினோம், காயில் மாத்தினோம். பணம் போனதுதான் மிச்சம். வாடகை நின்றது, தவணை நிற்குமா?

பிறகு ஒவ்வொரு முறையும் எப்போது நிற்கிறது என்று நோட்டில் குறித்தோம். கிளம்பியதும் நிற்பதில்லை, வெகுதூரம் ஓடிய பிறகே நின்றது. ஒருநாள் நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தோம். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. வண்டி உடனே கிளம்பிவிட்டது!

காரணம் என்ன? எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக ஊற்றாது அல்லவா? அதேபோல் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகவேண்டும். பழைய வண்டிகளில் அதற்காக மூடியில் சிறு துளை உண்டு. எங்கள் மூடியில் அதைத் தூசி அடைத்திருந்தது. சுத்தம் செய்தோம், சரியாயிற்று.

மூடியைத் திறந்தும் கிளம்பாவிட்டால் கோளாறு வேறு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். திறக்கும்போது பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

நாம் கற்றது: முதலில் கவனி, குறித்து வை, செலவில்லாத சோதனையைச் செய். பிறகு பணத்தை எடு. மாவு மிஷின், தையல் மிஷினுக்கும் இதுவே பாடம். உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்.