இஷா முதல் ஃபஜ்ர் வரை: புற்றுநோயாளிகளுக்காக ஓர் இரவு நடை



புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக அணி அணியாகச் சேர்ந்து இரவு முழுவதும் நடக்கும் வழக்கம் உலகின் பல ஊர்களில் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட கே.கே. நகர் இளைஞர்கள் சிலர், "அப்படியொரு நடை நம் நகரில் நடந்தால் நம் அறக்கட்டளை சார்பில் ஓர் அணி சேரலாமா?" என்று எங்களிடம் கேட்டார்கள். பெரியவர்கள் சிலரோ, "ராத்திரி கண்விழித்து நடப்பதால் நோயாளிக்கு என்ன லாபம்? அந்தப் பணத்தை நேரே கொடுத்துவிட்டால் போதாதா?" என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கான பதிலை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இந்த நடை எப்படித் தொடங்கியது?

1985ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில் கார்டன் கிளாட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓட்டப்பாதையில் தனி ஒருவராக இறங்கினார். அவர் குடல் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தவர். 24 மணி நேரம் நடந்தும் ஓடியும் சுமார் 133 கிலோமீட்டர் கடந்தார். 25 டாலர் கொடுத்த நண்பர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் அவரோடு சேர்ந்து சுற்றினார்கள். அன்று 27,000 டாலர் சேர்ந்தது.

தனி ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் செய்ய முடியாது. அதனால் அடுத்த ஆண்டு அணிகளாகச் சேர்ந்து நடந்தார்கள். அதற்கு வைத்த முறை எளிமையானது. ஓர் அணியின் எல்லோரும் எல்லா நேரமும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரத்திலும் அணியில் ஒருவராவது பாதையில் இருக்க வேண்டும். ஒருவர் ஓய்வெடுக்கும்போது இன்னொருவர் நடப்பார். 'ரிலே ஃபார் லைஃப்' என்ற பெயரில் இது பல நாடுகளுக்குப் பரவியது. முதல் சுற்றை நோயிலிருந்து மீண்டவர்கள் நடப்பது அதன் மரபு. கிளாட்டுக்கே பிற்காலத்தில் வயிற்றில் புற்றுநோய் வந்தது. 2014இல் அவர் காலமானார்.

ஏன் இரவில் நடக்கிறார்கள்? நோயாளிக்கு இரவுதான் நீளமானது. பகலில் மருத்துவர் வருவார், உறவினர் வருவார், பக்கத்து வீட்டார் வருவார்கள். நடுநிசி 2 மணிக்கு வாந்தி எடுக்கும்போது அருகில் இருப்பது மனைவியோ மகனோ மட்டும்தான். அந்த இரவில் ஒன்றையாவது நாமும் விழித்துக் கழிப்போம் என்பதே இந்த நடையின் கருத்து.

நம் பக்கத்தில் நடந்தவை

கனடாவில் புற்றுநோயால் வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு 1980ஆம் ஆண்டு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தினார். மறு ஆண்டு 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டம் நம் சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது.

இலங்கையில் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 2011 ஜூலையில், தென்கோடியான தெவுந்தரையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்க நிதி திரட்டுவதே நோக்கம். வழியில் ஒவ்வோர் ஊரிலும் மக்கள் சேர்ந்துகொண்டார்கள். தெற்கில் இருப்பவர் வடக்கில் இருக்கும் நோயாளிக்காக நடந்தது பணத்தைவிடப் பெரிய செய்தி.

நம் நகரின் அடையாறு புற்றுநோய் நிலையமும் பொதுமக்கள் தந்த காசில் எழுந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய பல்லாண்டு முயற்சியால் 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. புற்றுநோய் வந்தவர் இறக்கத்தானே போகிறார், தனி மருத்துவமனை எதற்கு என்று அன்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்டதை, அங்கே வாழ்நாள் முழுவதும் பணியாற்றி 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முறை வைத்து விழித்திருப்பது நமக்குப் புதிதல்ல

ரமலானின் கடைசிப் பத்து இரவுகளில் விழித்திருந்து பழகிய சமுதாயம் நாம். நற்காரியங்களில் கூட்டாகச் செயல்படும்படி திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் இரண்டாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

ஸீரத் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டுகிறோம். தாதுர் ரிகாஃ பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஓர் இரவு, படைக்குக் காவலாக அன்ஸாரிகளில் அப்பாத் இப்னு பிஷ்ர் (ரலி) அவர்களும் முஹாஜிர்களில் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களும் முன்வந்தார்கள். இரவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் பாதியில் அம்மார் தூங்க, அப்பாத் நின்று தொழுதார். எதிரியின் அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்தும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. பிறகுதான் தோழரை எழுப்பினார். ஒருவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். தம் முறையை நிறைவேற்றுவது அமானிதம்.

நோயாளியை நலம் விசாரிப்பதை நபி (ஸல்) அவர்கள் ஒரு முஸ்லிமுக்கு மற்றவர்மீதுள்ள உரிமைகளில் ஒன்றாக ஆக்கினார்கள். தமக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவர் நோயுற்றபோது அவர் வீட்டுக்கே சென்று பார்த்தார்கள். ஆகவே எல்லாச் சமயத்தாரும் கூடி நடக்கும் இடத்தில் நாமும் சேர்ந்து நடப்பதற்கு மார்க்கத்தில் தடை இல்லை என்பதே நாங்கள் கலந்துபேசிய ஆலிம்களின் கருத்து.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். இத்தகைய நடைகளில் மரித்தோர் பெயரைக் காகிதப் பையில் எழுதி உள்ளே விளக்கேற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது அவர்களின் வழக்கம். அதைக் குறை கூறவும் வேண்டாம், நாம் செய்யவும் வேண்டாம். அந்த நேரத்தில் நம் மரித்தோருக்காகவும் நோயாளிகளுக்காகவும் துஆ செய்வோம்.

மறைத்து வைக்கும் நோய்

"பணத்தை நேரே கொடுத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு வருவோம். கொடுக்க முடிந்தவர் இன்றே கொடுக்கட்டும். ஆனால் நம் சமுதாயத்தில் இந்த நோய்க்குப் பணத் தட்டுப்பாட்டைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது மறைப்பது.

நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'அந்த வியாதி' என்கிறோம். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாயின் கட்டியை மறைக்கிறார்கள். ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற வெட்கத்தில் மாதங்கள் போகின்றன. மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டு, புண்ணான பிறகு போகிறார்கள். அப்போது சிகிச்சை கடினமாகிறது, செலவும் பல மடங்காகிறது. கற்பப்பை வாய்ப் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோயும் அப்படித்தான். தொடக்கத்தில் கண்டால் குணமாக்கும் வாய்ப்பு அதிகம்.

தந்தையோ தாயோ இந்த நோயோடு போராடுவதை ஊரறியச் சொல்லி, அவர்களுக்காக ஒரு குடும்பம் நான்கு பேர் பார்க்க நடந்தால், அடுத்த வீட்டுப் பெண் தன் கட்டியைப் பற்றித் தன் அக்காவிடமாவது வாய் திறப்பாள். பணத்தை மட்டும் அனுப்பிவைப்பதால் இது நடக்காது. நாங்கள் அணி சேர்வதை ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பணம் எந்தக் கணக்கில்?

ஜகாத் யாருக்கு என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் அறுபதாம் வசனம் எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. எனவே நடைக்காகத் திரட்டும் பொது நிதியை ஜகாத்தில் சேர்க்க வேண்டாம். அது ஸதகாவாக இருக்கட்டும். ஸதகாவுக்கு வரையறை விரிந்தது. எந்தச் சமயத்து நோயாளிக்கும் கொடுக்கலாம். ஜகாத் கொடுக்க விரும்புவோர் தகுதியுள்ள ஏழை நோயாளியின் கையில் சேருமாறு தனியாகக் கொடுக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி ரசீது, தனித்தனிக் கணக்கு. திரட்டிய தொகையும் அது போய்ச் சேர்ந்த இடமும் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். மது, புகையிலை விற்பவர்களின் விளம்பரம் உள்ள சட்டையை நம் அணியினர் அணிய வேண்டாம்.

நிய்யத்தையும் சரிபார்த்துக்கொள்வோம். பத்து அடி நடந்து இருபது படம் எடுத்துப் போடுவதற்காக யாரும் வர வேண்டாம். நோயாளியின் படத்தை அவர் சம்மதமின்றி யாரும் பகிரக் கூடாது.

அணி சேர்பவர்கள் கவனிக்க

மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அணியில் 12 பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். மெதுவாக மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தாலும் விடியும்போது அணி 48 கிலோமீட்டர் நடந்திருக்கும். முறைப் பட்டியல் போடும்போது மஃரிப், இஷா, ஃபஜ்ர் ஜமாஅத்துக்கு இடைவெளி விட்டுப் போடுங்கள். இரவின் கடைசிப் பகுதியில் ஓய்விலிருப்பவர்களுக்குத் தஹஜ்ஜுத் வாய்ப்பும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

சகோதரிகள் கணவர், தந்தை, சகோதரர், மகன் ஆகியோருடன் வந்து, மாலை முறைகளில் தனிக் குழுவாக நடந்துவிட்டு வீடு திரும்பலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலை முறையே போதும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நடக்க வேண்டாம். புதுச் செருப்போடு வராமல், பழகிய காலணியோடு வாருங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே சிவன் பூங்காவில் தினமும் அரை மணி நேரம் நடந்து பழகினால் போதும்.

நடை முடிந்த பிறகு

காலையில் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததோடு காரியம் முடிந்துவிடக் கூடாது. நோயாளியின் தேவை ஓர் இரவுக்கு உரியதல்ல.

கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் 5 நாட்களாகப் பல வாரங்கள் நீடிக்கும். மருந்துச் செலவைச் சமாளிப்பவர்கூட ஆட்டோ கூலியிலும் அறை வாடகையிலும் நொடித்துப்போகிறார். நம் பகுதியிலிருந்து அசோக் நகர், கிண்டி வழியாக அடையாறு நிலையம் அதிக தூரமில்லை. வண்டி வைத்திருக்கும் சகோதரர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியை அழைத்துச் சென்று வரலாம். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஒரு வீடு ஒரு வேளை உணவு அனுப்பலாம்.

தானமாகப் பெறும் தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் கொடுப்பவர்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள். நம் இளைஞர்களின் இரத்த வகையோடு ஒரு பட்டியல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கீமோ சிகிச்சை பெறுபவரின் எதிர்ப்புச் சக்தி குறையும். சளி, காய்ச்சல் உள்ளவர் பார்க்கப் போகக் கூடாது. அவருக்கு இரவில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போய்ப் பார்ப்பவர் கொஞ்ச நேரம் இருந்து துஆ செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். இதே நோயில் இறந்தவர் கதையைச் சொல்லாதீர்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டு இன்ன வேரைக் குடியுங்கள் என்றும் சொல்லாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். அட்டை எடுக்காத குடும்பங்கள் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பிக்க உதவுகிறோம். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய், மார்பகம், கற்பப்பை வாய்ப் பரிசோதனைகள் செய்கிறார்கள். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். தனியே போகத் தயங்கும் சகோதரிகளுக்குத் துணையாக வர நம் மகளிர் குழுவினர் ஆயத்தமாக இருக்கிறார்கள். விஷயம் வெளியே போகாது.

அணியில் சேர விரும்புவோர் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கும்போதே, நடைக்குப் பிறகு மேலே சொன்ன பணிகளில் எதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொடுக்க வேண்டும். எந்தப் பணியையும் ஏற்காதவரை அணியில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

யா அல்லாஹ், நோயுற்ற எங்கள் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களுக்காக இரவில் விழித்திருக்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவாயாக. எங்கள் அடிகளை உனக்காகவே எடுத்து வைக்கும் அடிகளாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.