கைப்பிடிச்சுவர் எதுவரை காக்கும்?

வேதபாடம்
வாசிக்க: உபாகமம் 22:8, எரேமியா 35, ரோமர் 7



"பாஸ்டர், கவர்மெண்டு கடையை மூடிட்டா எங்க வீட்டுக்காரர் திருந்திடுவார்" என்று, ஜெபிக்கப் போகும் வீடுகளில் சகோதரிகள் என்னிடம் அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் அற்பமானதல்ல. ஆனாலும் சட்டம் எதுவரை காக்கும் என்று வேத வெளிச்சத்தில் நாம் பார்க்கவேண்டும்.

1. சட்டம் தேவை

இஸ்ரவேலரின் வீட்டுக் கூரை தட்டையானது. ஜனங்கள் அதன்மேல் நடமாடுவார்கள். ஆகவே புதுவீடு கட்டுகிறவன் மேலே கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்று கர்த்தர் கட்டளை கொடுத்தார். "விழுந்தா அவன் தலையெழுத்து" என்று அவர் விடவில்லை. வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்டார். "என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சு வேதத்துக்கு ஒத்ததல்ல. தெருமுனையில் கடை இல்லையென்றால், ஒரு வாலிபன் முதல் மடக்கு குடிப்பதாவது தள்ளிப்போகும். அதுவும் ஒரு கிருபைதான்.

2. சட்டத்துக்கு எல்லை உண்டு

கைப்பிடிச்சுவர் இடறுகிறவனைத் தடுக்கும். ஏறிக் குதிக்கிறவனைத் தடுக்காது. 1937-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 2003-ல் அரசே சில்லறைக் கடை நடத்தத் தொடங்கியது. சட்டம் இப்படி மாறிமாறி வந்தும் மனுஷனுடைய தாகம் மாறவில்லை.

கள்ளச்சாராயம் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். ஆனாலும் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் ஆயுள் தண்டனை வரை கொடுக்கும்படி சட்டம் கடுமையாக்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது தகப்பனைத் திருப்பிக் கொடுக்குமா?

ஹெல்மெட்டையே பாருங்கள். போலீஸைக் கண்டால் தலையில், தாண்டிவிட்டால் பெட்ரோல் டேங்கின்மேல்! நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது, ஆனால் அது பாவத்தைக் காட்டுமே தவிர நீக்காது என்று பவுல் ரோமர் 7-ல் விளக்குவது இதைத்தான்.

3. வீட்டின் தீர்மானம்

ரேகாபியரைக் கவனியுங்கள். தேவாலயத்து அறையிலேயே திராட்சரசத்தை முன்வைத்தும் அவர்கள் குடிக்கவில்லை. தடுத்தது ராஜாவின் சட்டமா? இல்லை. தங்கள் தகப்பனாகிய யோனதாப் சொன்ன வார்த்தையை 200 வருஷங்களுக்கு மேலாகக் காத்தார்கள். தகப்பன்மாரே, நம் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா?

4. நாம் செய்யவேண்டியது

முதலாவது, மறைக்காதிருங்கள். குடிக்கு அல்லது கஞ்சாவுக்கு அடிமையான மகனைச் சபைக்குத் தெரியாமல் ஒளிப்பதால் அவன் விடுதலையாகமாட்டான். அப்படி வருகிறவனைக் கேலிப்பேச்சுப் பேசுவது சபைக்கு அழகல்ல.

இரண்டாவது, ஜெபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "பிசாசு" என்று சொல்லி அறையில் பூட்டிவைக்காதிருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவிசுவாசமல்ல. காயப்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிய சமாரியனை ஆண்டவர் புகழ்ந்தாரே!

மூன்றாவது, ஆவியின் கனியாகிய இச்சையடக்கத்துக்காகக் கதறுங்கள். போலீஸ் பார்க்காத இடத்திலும் கூட இருக்கிறவர் பரிசுத்த ஆவியானவர் ஒருவரே.

பிரியமானவர்களே, கடைகளை மூடச் சொல்லி மனுக் கொடுப்போம். அதே கையால் தள்ளாடுகிற சகோதரனையும் பிடிப்போம். இந்த வாரமே அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போங்கள். குமாரன் விடுதலையாக்கினால் அதுவே மெய்யான விடுதலை. ஆமென்! அல்லேலூயா!