குளுகோர் குன்றுக்கு வரும் பாப்பாவுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள பாப்பா,

பல்கலைக்கழக இடத்துக்கான யூ.பி.யூ. முடிவு வந்த அன்று நீ சாப்பிடாமல் அறைக்குள்ளேயே இருந்தாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். மருத்துவம் கேட்டாய், அடுத்து மருந்தியல் எழுதினாய், வந்தது யூ.எஸ்.எம்.மில் உயிரியல். எஸ்.டி.பி.எம். எழுதும் நம் பிள்ளைகள் பலருக்கு ஆண்டுதோறும் நடப்பதுதான் இது. வலி வலிதான், அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் அந்த வருத்தத்தோடேயே இங்கு வந்து, பாடத்திலும் ஒட்டாமல் ஊரிலும் ஒட்டாமல், பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் மூளையில் குறை ஒன்றுமில்லை. வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்து நாட்டில் தோன்றிய இரண்டாவது பல்கலைக்கழகம். பினாங்குக்கு ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1962-இலேயே தீர்மானம் போட்டது. 1967-இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல்லும் நாட்டினார். ஆனாலும் 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கியபோது சொந்தக் கட்டடம் கிடையாது. குளுகோரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் இடத்தை இரவல் வாங்கி, 57 அறிவியல் மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். 1971-இல்தான் பிரிட்டிஷ் படை விட்டுப்போன மிண்டன் முகாமுக்குக் குடிபோனார்கள். ஏறத்தாழ 239 எக்டர் நிலம், மேடும் பள்ளமும் பெரிய மரங்களுமாக இருக்கும். நல்ல செருப்பு வாங்கிக்கொண்டு வா, நடை அதிகம்.

இந்தப் பழங்கதையில் உனக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மற்ற இடங்களில் ஃபேக்கல்டி என்று பெரிய பெரிய பிரிவுகளாக வகுத்துக்கொண்டபோது, யூ.எஸ்.எம். தொடக்கத்திலேயே ‘புசாட் பெங்காஜியான்’ என்ற சிறு கல்வி மையங்களாகத் தன்னை அமைத்துக்கொண்டது. ஒரு மையத்து மாணவர் இன்னொரு மையத்தில் போய்ப் பாடம் எடுக்க வேண்டும், துறைகளுக்கு நடுவே சுவர் எழக் கூடாது என்பதுதான் அன்றைய எண்ணம். அறிவியல் என்று பெயரில் இருந்தாலும், நாட்டிலேயே முதன்முதலில் நிகழ்கலைப் பட்டப்படிப்பு தொடங்கியது அங்கேதான். மாக் யோங் என்ற மலாய் மரபு நாடகத்தை ஆழமாக ஆராய்ந்த குலாம் சர்வார் யூசோஃப் அதை நிறுவினார். உயிரியல் கிடைத்துவிட்டதே, இனி நான்கு சுவருக்குள் தவளையும் நுண்ணோக்கியும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பல்கலைக்கழகத்தை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால் உன் மையத்தை விட்டு வெளியே நடக்க வேண்டும்.

அதற்கு முதலில் உன் சொந்தப் பாடம் கெட்டியாக இருக்க வேண்டும். கல்வியாண்டுக்கு இரண்டு பருவம். ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட் கணக்கு உண்டு. எத்தனை யூனிட் எடுக்கலாம், எது கட்டாயம், எது விருப்பம், மைனர் எடுப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் நீயேதான் பார்த்துப் பதிய வேண்டும். பள்ளியில் அட்டவணையைக் கையில் கொடுப்பதைப்போல இங்கே கொடுக்க மாட்டார்கள். சீனியர் சொன்னார் என்பதற்காக, புள்ளி எளிதாக வரும் பாடம் என்று எதையும் எடுக்காதே. மலாய், ஆங்கிலம், பெங்ஹயாத்தான் எத்திகா டான் பெராடாபான் போன்ற பொதுப் பாடங்களை எல்லாரும் எடுக்க வேண்டும். பலர் அவற்றை ஒப்புக்கு முடித்துவிடுவார்கள். உன் ஆங்கிலத்தையும் மலாயையும் சீர்படுத்திக்கொள்ள உனக்குக் கிடைக்கும் கடைசி வகுப்பறை அதுவாக இருக்கலாம். அதனால் ஒழுங்காக எழுது, வாய் திறந்து பேசு.

எஸ்.டி.பி.எம். பிள்ளைகள் தேர்வுக்கு முன்பு உட்கார்ந்து படித்துக் கரையேறிப் பழகியவர்கள். இங்கே அது போதாது. அசைன்மெண்ட், லேப் ரிப்போர்ட், பருவத்தின் நடுவில் வரும் சோதனை எல்லாம் சேர்ந்துதான் புள்ளி. சராசரி 2.00-க்குக் கீழே இறங்கினால் கண்காணிப்பு நிலையில் வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் முதல் பருவத்தில்தான் சறுக்கல் நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஒரு பாடம் புரியவில்லையா, மூன்றாவது வாரத்திலேயே விரிவுரையாளரின் அறைக்குப் போ. எப்போது சந்திக்கலாம் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பு. டியூட்டோரியலில் கை தூக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த நம் பிள்ளைகள், மலாயில் பிழை வந்துவிடுமோ, ஆங்கிலத்தில் தடுமாறுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வதை ஆசிரியையாக நிறையப் பார்த்துவிட்டேன். பிழையோடு கேட்ட கேள்விக்கும் பதில் சரியாகத்தான் வரும், பாப்பா.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நானும் யூ.எஸ்.எம். பட்டதாரிதான், ஆனால் தொலைதூரக் கல்வியில். வேலை பார்ப்பவர்களுக்காக 1971-லேயே அதைத் தொடங்கிய இடம் அது. நாட்டில் முதல் முயற்சி. எத்தனையோ ஆசிரியர்கள் அந்த வழியில்தான் பட்டம் பெற்றோம். பகலில் வகுப்பு எடுப்பேன், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாடநூலை விரிப்பேன். சந்தேகம் வந்தால் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வளாகத்தில் தங்கிப் படிக்கும் தீவிர வகுப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை போகும்போது, முழுநேர மாணவர்கள் விரிவுரையாளர் அறைகளைத் தாண்டிப் பேசிச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்ப்பேன். தட்டுவதற்குக் கதவு இருந்தும் தட்டாமல் போகிறார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இனி, உயிரியல் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதைச் சொல்கிறேன். உன் வீடு இருக்கும் கோலகங்சாரிலிருந்து லெங்கோங் தொலைவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே குனோங் ருந்து குகையில் யூ.எஸ்.எம். தொல்லியலாளர் ஜுரைனா மஜிட்டின் குழு ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. ‘பேராக் மனிதன்’ என்று பள்ளி வரலாற்றில் படித்திருப்பாயே, அவர்தான். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர். கால்களை மடக்கி, உணவும் கல் கருவிகளும் வைத்துப் புதைத்திருந்தார்கள். எலும்புகளை ஆராய்ந்தபோது அவருடைய இடது கை சிறுத்திருந்ததும், விரல் எலும்புகள் குட்டையாக இருந்ததும் தெரிந்தது. அது பிறவியிலேயே வந்த மரபுக் குறை. இதை மண்ணைத் தோண்டுவதால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எலும்பும் மரபும் தெரிந்த கண் வேண்டும். அந்தக் குறையோடு பிறந்தவர், வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தில், நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்த பிறகும் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்த மனிதர்கள் அவரைக் கைவிடவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். லெங்கோங் பள்ளத்தாக்கை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அதே பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர்கள்தான் 2009 முதல் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் அகழ்ந்தார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்போடு நாம் சேர்த்துச் சொல்லும் கடாரம் அந்தப் பக்கம்தான். அங்கே இரும்பு உருக்கிய இடங்களும் பழைய படகுத்துறையின் சிதைவுகளும் வெளிவந்தன. அவை எவ்வளவு பழையவை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. வாட்சப்பில் வரும் பெருமைச் செய்திகளை நம் ஆட்கள் அப்படியே நம்பி அனுப்புகிறார்கள். நீ அறிவியல் படிப்பவள். எந்தக் கரித்துண்டை வைத்து இந்தக் காலத்தைக் கணித்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவளாக வா. நம் வரலாற்றின் மேல் எனக்கு உள்ள ஆசையில்தான் இதைச் சொல்கிறேன்.

தேசிய நச்சு மையமும் யூ.எஸ்.எம். வளாகத்தில்தான் இருக்கிறது. ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாலோ குழந்தை எதையாவது விழுங்கிவிட்டாலோ என்ன செய்வது என்று மருத்துவர்களும் பொதுமக்களும் அங்கே கேட்கலாம். கெத்தும் இலையை ஆராயும் மருந்து ஆய்வு மையம் இருக்கிறது. கொசுக்களையும் நோய் பரப்பும் பூச்சிகளையும் ஆராயும் பிரிவு உன் உயிரியல் மையத்தோடு சேர்ந்தது. தீவின் வடமேற்கு முனையில், முக்கா ஹெட் பக்கம், தேசியப் பூங்காவுக்குள் கடல் ஆய்வு நிலையம். காட்டுப்பாதையில் நடந்தோ படகிலோதான் போக முடியும். மருத்துவராகித்தான் மனித உயிரோடு உறவாட முடியும் என்று நீ எண்ணியிருந்தால், இவற்றையெல்லாம் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு என்னோடு பேசு.

விடுதியை யூ.எஸ்.எம்.மில் ‘தேசாசிஸ்வா’ என்பார்கள். முதலாண்டில் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டுகளில் புறப்பாட நடவடிக்கைகளில் நீ காட்டும் ஈடுபாட்டையும் பார்ப்பார்கள். உன் அறைத்தோழி கிளந்தானிலிருந்து வரலாம், சரவாக்கிலிருந்து வரலாம். நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, ஒன்றாகச் சாப்பிட்டு, அசைன்மெண்ட் குழுவையும் தங்களுக்குள்ளேயே அமைத்துக்கொள்வார்கள். தீபாவளி, பொங்கல் நிகழ்ச்சிகளுக்கு அவர்களோடு நில், வேலை செய், தமிழில் மேடையேறிப் பேசு. அது உனக்கு வீட்டு நினைவைத் தாங்கும் பலம். ஆனால் படிப்புக் குழுவில் மட்டும் வேறு ஊர், வேறு மொழிப் பிள்ளைகளோடு சேர். பட்டம் முடித்து வேலைக்குப் போகும் இடத்தில் அவர்கள்தான் உன் பக்கத்து மேசையில் இருப்பார்கள்.

மாணவர்களால் என்ன ஆகும் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வளாகத்துச் சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளைப் பாலிஸ்டைரின் பெட்டிகளை ஒழிக்க யூ.எஸ்.எம். மாணவர்கள் ‘வெள்ளைச் சவப்பெட்டி’ என்று பெயர் வைத்து இயக்கம் நடத்தினார்கள். அந்தப் பெட்டிகள் வளாகத்தை விட்டே போயின. 2008-இல் அரசு நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தேர்ந்து ஏபெக்ஸ் என்ற சிறப்புத் தகுதி கொடுத்தபோது அது யூ.எஸ்.எம்.முக்கு வந்தது. அந்தத் தகுதியைவிட மாணவர்கள் செய்த அந்தக் காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பண விஷயம். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வந்தவுடன் புதுப் போன் வாங்காதே. அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். முதல் வகுப்பில் தேறினால் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை முதல் நாளிலிருந்தே மனசில் வை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வளாகத்திலிருந்து கிட்டத்தான். தொழிற்பயிற்சிக்கு எங்கே போவது என்று கடைசி ஆண்டு வரை காத்திராமல் இரண்டாம் ஆண்டிலேயே விசாரிக்கத் தொடங்கு.

பதிவு நாளில் நான் வாசலில் நிற்பேன், உன் அப்பாவிடம் பெட்டிகளைக் குறைக்கச் சொல். முதல் பருவப் பாடங்களைப் பதிந்ததும் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தாய் என்று பக்கத்தில் ஒரு வரி எழுது. சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. அறைத்தோழியையும் கூட்டிக்கொண்டு வா, அவள் என்ன சாப்பிடுவாள் என்று முன்னாலேயே கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை