காத்திருப்போர் பட்டியலை வாசிக்கக் கற்றுத்தருவோம்

ஊரகப் பகுதிகளில் வீடற்றோருக்கும் குடிசைகளில் வாழ்வோருக்கும் வீடு கட்டித்தரும் பெரிய திட்டம், பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா–கிராமின். 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், யாருக்கு முதலில் வீடு என்பதை ஒரு பட்டியல் முடிவு செய்கிறது. நிரந்தரக் காத்திருப்போர் பட்டியல் என்பது அதன் பெயர். பட்டியலில் ஒரு குடும்பத்தின் வரிசையைக் கணக்கிட ஐந்து அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆசிரியர்களாகிய நம்மைத் தொடுவது: 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத குடும்பத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு.

மதிப்பெண் கிடைத்துவிடும், பட்டியலை யார் படிப்பது? ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்படும் தாளும், மனுவுக்கு வரும் பதில் கடிதமும், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் எழுத்தில்தான் வருகின்றன. அத்தகைய வீட்டில் இவற்றைப் படிக்கக்கூடியவர் பல நேரங்களில் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் மட்டுமே. பட்டியலைப் படிக்கவும், மனு எழுதவும், ஒப்புகை பெறவும், பின்தொடரவும் அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு உரிய இடம் கைநழுவிப் போகாது.

பாடத்தோடு இணைக்கும் இடம்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்பும் கிராம சபையும் வருகின்றன. மொழிப்பாடத்தில் விண்ணப்பம் எழுதுதலும் படிவம் நிரப்புதலும் உண்டு. கணக்கில் விகிதம், பரப்பளவு, இடமதிப்பு ஆகியவை உண்டு. இந்த மூன்று பாடங்களையும் ஒரே பொருளில் இணைத்து நான்கு பாடவேளைகளில் நடத்தலாம். முதல் மூன்று செயல்பாடுகள் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்கும், நான்காவது 4, 5ஆம் வகுப்புகளுக்கும் பொருந்தும்.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை

இப்பட்டியலின் அடிப்படை, 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. அதில் விடுபட்டவர்களுக்காக 2018இல் ‘ஆவாஸ் பிளஸ்’ கணக்கெடுப்பு தொடங்கியது. 2011இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2023இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். ஒரு குடும்பத்தின் காத்திருப்பு எவ்வளவு நீளக்கூடும் என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இந்தக் கணக்கே போதும்.

வரிசைப்படுத்தும் முறை இது:

1. முதலில் வீட்டின் நிலை பார்க்கப்படும். வீடே இல்லாதவர் முதலில். உறுதியற்ற சுவரும் கூரையும் கொண்ட ஓர் அறை வீட்டில் இருப்பவர் அடுத்து. அத்தகைய இரண்டு அறை வீட்டில் இருப்பவர் அதற்கு அடுத்து.

2. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும், கட்டாயமாகச் சேர்க்கப்பட வேண்டியவர்கள் முன்னே வருவர். ஆதரவற்று யாசகத்தால் வாழ்வோர், கையால் மலம் அள்ளும் தொழிலில் இருந்தோர், தொன்மைப் பழங்குடியினர், சட்டப்படி மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் முதலியோர் இதில் அடங்குவர்.

3. அதன்பின் மதிப்பெண். 16 முதல் 59 வயது வரையிலான எவரும் இல்லாத குடும்பம். அந்த வயதில் ஆண் இல்லாத, பெண் தலைமையிலான குடும்பம். 25 வயதுக்கு மேல் எழுத்தறிந்தவர் இல்லாத குடும்பம். மாற்றுத்திறனாளி இருந்து, உடல்திறன் கொண்ட பெரியவர் இல்லாத குடும்பம். நிலமின்றி உடலுழைப்புக் கூலியையே பெரிதும் நம்பிய குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு மதிப்பு.

4. மதிப்பெண் சமமானால் கிராம சபை முன்னுரிமையை முடிவு செய்யும். ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பம், தொழுநோய் அல்லது புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர் உள்ள குடும்பம், திருநங்கையர் உள்ளிட்டோருக்கு அப்போது முன்னுரிமை உண்டு.

பட்டியலைச் சரிபார்ப்பது கிராம சபையின் பொறுப்பு. ஏற்கெனவே உறுதியான வீடு கட்டியவர், வேறு திட்டத்தில் வீடு பெற்றவர், ஊரைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் ஆகியோரின் பெயரை நீக்கலாம். நீக்கினால் காரணம் பதிவாக வேண்டும். முடிவில் உடன்பாடு இல்லாதவர் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.

செயல்பாடு 1: வரிசையைக் கண்டுபிடி

கீழுள்ள ஐந்தும் கற்பனைக் குடும்பங்கள். ஐந்தும் ஒரே பிரிவின் பட்டியலில் இருப்பதாகக் கொள்வோம்.

அ: இரண்டு அறை மண்வீடு. 72 வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேத்தியும் மட்டும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் நிலம் உண்டு.

ஆ: ஓர் அறைக் குடிசை. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். பெற்றோர் இருவரும் படித்தவர்கள். நிலம் இல்லை; கூலி வேலை.

இ: ஓர் அறைக் குடிசை. கணவனை இழந்த 35 வயதுத் தாய், இரண்டு சிறு குழந்தைகள். தாய் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நிலம் இல்லை; கூலி வேலை.

ஈ: ஓர் அறைக் குடிசை. செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருந்து சட்டப்படி மீட்கப்பட்ட குடும்பம். தந்தைக்குப் படிக்கத் தெரியும். நிலம் இல்லை; கூலி வேலை.

உ: வீடே இல்லை. 40 வயதுள்ள கணவனும் மனைவியும். இருவரும் படிக்கத் தெரிந்தவர்கள். நிலம் இல்லை; கூலி வேலை.

குழுக்களாகப் பிரிந்து மாணவர்கள் முதலில் மதிப்பெண் இடட்டும். அ 3, ஆ 1, இ 2, ஈ 1, உ 1 என்று வரும். பிறகு விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி வரிசைப்படுத்தட்டும். சரியான வரிசை: உ, ஈ, இ, ஆ, அ.

விடை வந்ததும் வகுப்பில் கேள்வி எழும். “பாட்டிக்குத்தானே அதிக மதிப்பெண்? அவர் ஏன் கடைசி?” அந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் செயல்பாடு. வீட்டின் நிலை முதலில், மதிப்பெண் பிறகு என்று விதி சொல்கிறது. இந்த விதி நியாயமானதா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். இரு பக்கமும் வாதம் உண்டு. விவாதத்தின் முடிவில் ஒன்று தெளிவாக வேண்டும். விதி தெரிந்தவரால் வரிசையைச் சரிபார்க்க முடியும். “அவருக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை” என்று வருந்துவதோடு நின்றுவிடாமல், “எந்த விதிப்படி அவர் முன்னே இருக்கிறார்?” என்று கேட்கவும் முடியும்.

செயல்பாடு 2: மனுவும் ஒப்புகையும்

பட்டியலில் பெயர் இல்லை என்று கருதும் குடும்பம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு அளிக்கலாம். கிராம சபையில் கோரிக்கை வைக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். முதலமைச்சரின் உதவி மைய எண் 1100. பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம் என்பதையும் மாணவர்கள் அறியட்டும்.

மனு சுருக்கமாக இருக்க வேண்டும். மாதிரி:

“ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் 12 ஆண்டுகளாக ஓர் அறைக் கூரை வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். எங்களுக்குச் சொந்தமாக உறுதியான வீடு இல்லை. காத்திருப்போர் பட்டியலில் எங்கள் பெயர் உள்ளதா, இருந்தால் வரிசை எண் என்ன என்பதைத் தெரிவிக்கவும், இல்லையெனில் உரிய கணக்கெடுப்பில் சேர்க்கவும் வேண்டுகிறேன். குடும்ப அட்டை நகல் இணைத்துள்ளேன்.”

மாணவர்கள் இதை இ குடும்பத்தின் தாய் எழுதுவதுபோல் மாற்றி எழுதட்டும். பிறகு இருவர் இருவராக நடித்துக் காட்டட்டும்: ஒருவர் அலுவலர், ஒருவர் மனுதாரர். மனுவைக் கொடுத்ததும் திரும்பிவிடும் மாணவரை நிறுத்தி, “எதை வாங்காமல் வந்தாய்?” என்று கேட்க வேண்டும். நாளும் எண்ணும் உள்ள ஒப்புகைச் சீட்டு, அல்லது நகலில் அலுவலக முத்திரை. இது இல்லாத மனுவைப் பின்தொடர முடியாது.

பெயர் எழுதும் முறைக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். மாரியம்மாள், மாரியம்மா, முன்னெழுத்து மு., முன்னெழுத்தே இல்லாமல் இன்னோர் ஆவணம். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா ஆகிய நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் தேவை. திட்டத் தொகை நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வருவதால், ஓர் எழுத்து வேறுபாடும் தொல்லை தரும்.

செயல்பாடு 3: பின்தொடர் குறிப்பேடு

ஒரு பழைய நோட்டில் ஆறு கட்டங்கள் போதும்: நாள், அலுவலகம், யாரிடம் (பதவி), கொடுத்தது என்ன, ஒப்புகை எண், அடுத்துப் பார்க்க வேண்டிய நாள். கடைசிக் கட்டம் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது என்பது இந்தக் குறிப்பேட்டின் விதி. இ குடும்பத்துக்காக மாணவர்கள் ஆறு மாதக் குறிப்பேட்டை நிரப்பட்டும்.

கிராம சபை நாள்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இன்றிலிருந்து அடுத்த கிராம சபைக்கு எத்தனை நாள் என்பது நல்ல நாள்காட்டிக் கணக்கு.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர், சான்று இணைத்தால், கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பது மொழிப்பயிற்சி. “எங்களுக்கு ஏன் வீடு தரவில்லை?” என்பது குறை, ஆவணம் கேட்பதே தகவல். எனவே இப்படி எழுதப் பழக்குவோம்:

1. எங்கள் ஊராட்சியின் காத்திருப்போர் பட்டியலின் நகல் தருக.
2. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற பயனாளிகளின் பட்டியல் வரிசை எண்களைத் தருக.
3. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்கள், காரணம், அதற்கான கிராம சபைத் தீர்மானத்தின் நகல் தருக.

வீட்டுக்கு ஒப்புதல் கிடைத்தபின் பயனாளிக்குப் பதிவு எண் வழங்கப்படும். கட்டுமானம் முன்னேறும் படிநிலைக்கு ஏற்ப, இடக்குறியுடன் எடுக்கப்படும் ஒளிப்படத்தின் அடிப்படையில், தவணைத் தொகை விடுவிக்கப்படும். எனவே குறிப்பேடு ஒப்புதலோடு முடிவதில்லை. கடைசித் தவணை வரை தொடர வேண்டும்.

செயல்பாடு 4: தரையில் ஒரு வீடு

இத்திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். பள்ளி வளாகத்தில் 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுண்ணப்பொடியால் வரைந்து, மாணவர்களை உள்ளே நிற்கச் சொல்லலாம். அடுப்படி எங்கே, படுக்குமிடம் எங்கே, படிக்குமிடம் எங்கே என்று அவர்களே பிரிக்கட்டும். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பரப்பு 360 சதுர அடி. அதற்கு 20 அடி நீளம், 18 அடி அகலம் வரையலாம். எது பெரியது என்று அளந்து பார்க்கட்டும்.

மேல் வகுப்புகளுக்கு எண்கணக்கு: சமவெளிப் பகுதியில் திட்டத்தின் அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். மத்திய, மாநில அரசுகளின் பங்கு 60:40. ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு? (72,000, 48,000.) கனவு இல்லம் திட்டத்தில் 2024–25இல் ஒரு லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. மொத்தம் எவ்வளவு? (3,500 கோடி.) பூச்சியங்களை எண்ணி இடமதிப்பைப் புரிந்துகொள்ள இதைவிட உயிருள்ள கணக்கு கிடைப்பது அரிது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

வகுப்பில் “யார் வீடு கூரை வீடு?” என்று கேட்கவே கூடாது. கற்பனைக் குடும்பங்களை மட்டுமே பயன்படுத்துவோம். மாணவர்களின் ஆதார் எண்ணையோ குடும்ப ஆவணங்களையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. உதவி தேவைப்படும் மாணவர் பள்ளி முடிந்தபின் தனியாக வருவார், அப்போது பேசுவோம். “வீடு கிடைத்துவிடும்” என்று வாக்குறுதி தர நம்மால் இயலாது. எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைச் சொல்ல இயலும்.

சூளைக்கோ கரும்பு வெட்டவோ சில மாதங்கள் வெளியூர் செல்லும் குடும்பங்கள் நம் பகுதியில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சரிபார்ப்பின்போது வீடு பூட்டியிருந்தால், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்று பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. குழந்தை இதே ஊர்ப் பள்ளியில் படிக்கிறது என்பதற்கு நாம் தரும் படிப்புச் சான்று, அக்குடும்பம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை என்று எடுத்துச்சொல்ல ஒரு துணை ஆவணமாகும். கேட்டால் தாமதமின்றித் தருவோம்.

மதிப்பீடு

ஆறாவது குடும்பம் ஒன்றை மாணவரே உருவாக்கி, வரிசையில் அதன் இடத்தைக் காரணத்துடன் எழுத வேண்டும். ஒப்புகையில் இருக்க வேண்டிய இரண்டு விவரங்களைச் சொல்ல வேண்டும். “எங்கள் பெயரை ஏன் நீக்கினீர்கள்?” என்ற வாக்கியத்தை ஆவணம் கேட்கும் வாக்கியமாக மாற்றி எழுத வேண்டும். இம்மூன்றையும் செய்யும் மாணவர் கற்றல் விளைவை எட்டிவிட்டார்.

இந்தப் பாடத்தை அடுத்த கிராம சபை நாளுக்கு இரண்டு வாரம் முன்பு நடத்துவது பொருத்தம். வகுப்பில் கற்றதை வீட்டில் சொல்ல மாணவருக்கும், கிராம சபைக்குச் சென்று கேட்கப் பெற்றோருக்கும் அந்த இடைவெளி போதுமானது.